ஆயுதம் ஏந்தும் கையும் அஞ்சும் நெஞ்சும்

காத்தல் எம்பெருமானுக்கே உரிய திருக்குணம். ஸர்வ லோகங்களையும் ரக்ஷிப்பவன் அவன் ஒருவனே என்பது வைஷ்ணவ ஸித்தாந்தம். ஆயினும் அந்த ரக்ஷணத்தில் ஒரு சிறு துளியை அவன் மானிடர் கையிலும் ஒப்படைத்திருக்கிறான். தாய் குழந்தையைக் காப்பதும், மன்னன் குடிகளைக் காப்பதும், ஊர் உறங்கும்போது காவலர் விழித்திருப்பதும் அத்துளியின் கூறுகளே ஆகும்.

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விடியற்காலையில் ஓடிப் பயிலும் இளைஞருள் காவல் பணியை நாடுவோர் உண்டு. அவர்களுள் தர்மபுத்தி மிக்க ஒருவனுக்கு ஒரு கலக்கம் எழுவது இயல்பே. “எளியோரைக் காக்க வேண்டும் என்ற ஆவல் என்னை அழைக்கிறது. ஆனால் ஒரு நாள் இக்கையாலேயே ஓர் உயிரைப் போக்க நேர்ந்தால்?” என்று அவன் உள்ளம் நடுங்குகிறது. இந்நடுக்கம் கோழைத்தனமா, விவேகமா? இதற்கு விடை இதிஹாஸத்திலும், ஆழ்வார்களின் சரித்திரத்திலும், நாட்டின் சட்டத்திலும் காணக் கிடைக்கிறது.

ஆயுதம் தரித்த ஆழ்வார்கள்

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்துத் தேவநாதனையும், தில்லைத் திருச்சித்ரகூடத்துக் கோவிந்தராஜனையும் மங்களாசாஸனம் செய்தவர் திருமங்கையாழ்வார். திருச்சித்ரகூடத்தைக் குலசேகராழ்வாரும் பாடியருளினார். இவ்விருவரும் ஆயுதம் பிடித்த கையினர் என்பது சிந்திக்கத் தக்கது. ஒருவர் சோழனிடம் படைத்தலைவராயிருந்து சிற்றரசரானவர். மற்றவர் சேர நாட்டு வேந்தர். ஆயுதம் தரித்தமை ஒருவனை எம்பெருமான் திருவடியினின்று விலக்குவதன்று என்பதற்கு இவ்விருவருமே சான்று.

குலசேகரர் தில்லைத் திருச்சித்ரகூடத்தைப் பாடும்போது ஸ்ரீராமாயணம் முழுவதையும் ஒரே திருமொழியில் சுருக்கி அருளினார். ஆகவே, இளைஞனின் ஐயத்துக்கு விடை தேடுவோர் அந்த ராமகதையையே அணுகுதல் பொருந்தும்.

பிராட்டியின் எச்சரிக்கை

வால்மீகி பகவான் அருளிய ஆரண்ய காண்டத்தில் பலர் கவனியாது கடந்து செல்லும் ஒரு கட்டம் உண்டு. தண்டகாரண்யத்து முனிவர்களை அரக்கரிடமிருந்து காப்பதாகப் பெருமாள் வாக்களித்துவிட்டார். அப்போது ஸீதாப் பிராட்டி, பகையில்லாதவரிடம் கொடுமை புரிதல் பெருங்குற்றம் என்று எடுத்துரைத்து ஒரு பழங்கதையையும் சொல்லுகிறாள்.

காட்டில் ஸத்யம் தவறாத தவமுனிவர் ஒருவர் இருந்தார். அவருடைய தவத்தைக் கெடுக்க நினைத்த இந்திரன் போர்வீரன் வேடத்தில் வந்து, ஒரு வாளை அவரிடம் அடைக்கலப் பொருளாக வைத்துச் சென்றான். அடைக்கலத்தைக் காக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தால், கனியும் கிழங்கும் பறிக்கச் சென்ற இடத்துக்கும் முனிவர் அதைக் கையோடு எடுத்துச் சென்றார். நாளடைவில் வாளின் சேர்க்கையே அவர் நெஞ்சை மாற்றிற்று. தவத்தில் இருந்த மனம் கொடுமையில் புகுந்தது. முடிவில் அவர் நரகம் எய்தினார்.

முனிவர் தீயவர் அல்லர். வாளைத் தேடிப் பெற்றவரும் அல்லர். கையில் இருக்கும் கருவி அதை ஏந்துபவனைச் சிறிது சிறிதாகத் தன்வயமாக்கும் என்பதே இக்கதையின் உட்பொருள். ‘கொல்ல நேருமோ’ என்று இன்று அஞ்சும் இளைஞன், பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த அச்சம் அற்றுப்போய்விடுமோ என்றே அதிகம் அஞ்ச வேண்டும்.

பெருமாளின் மறுமொழி

பிராட்டியின் சொல்லைப் பெருமாள் கடிந்துகொள்ளவில்லை. அன்புடையவரே இத்தகைய அறிவுரை கூறுவர் என்று மகிழ்ந்தார். பின்பு, துன்புற்றோரின் ஓலம் நாட்டில் கேட்கலாகாது என்பதற்காகவே க்ஷத்ரியர் வில் ஏந்துகின்றனர் என்ற கருத்தை எடுத்துக்காட்டினார். சரணமென்று வந்த முனிவர்களுக்குத் தந்த வாக்கைக் கைவிட இயலாது என்றும் உறுதி கூறினார்.

அவர் வில்லைக் கீழே வைத்துவிடவில்லை. எனினும் பின்வந்த நிகழ்ச்சிகளில் பிராட்டியின் எச்சரிக்கை விளங்கவே காண்கிறோம். போருக்கு முன் அங்கதனைத் தூது அனுப்பினார். ஒற்றறிய வந்து பிடிபட்ட சுக ஸாரணர்களை உயிரோடு விடுவித்தார். வில்லிழந்து நின்ற ராவணனைக் கொல்லாது ஊருக்குத் திருப்பி அனுப்பினார். அவன் மாண்டபின், பகை மரணத்தோடு முடிந்தது என்று கூறி, ஈமக்கடன் செய்யுமாறு விபீஷணனைப் பணித்தார். வழிகள் எல்லாம் அடைபட்ட பின்னரே அம்பு. அம்புக்குப் பின்னும் மரியாதை. இதுவே காப்பவனின் இலக்கணம்.

குடத்தில் இட்ட கை

குலசேகரர் அடியார்களிடம் கொண்ட அன்பைப் பொறாத அமைச்சர்கள், ஓர் ஆபரணத்தை மறைத்துவைத்து, அடியார்களே களவாடினர் என்று பழி சுமத்தினர் என்று குருபரம்பரை கூறும். மன்னர் நினைத்திருந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பிடித்து வதைத்து உண்மையைக் கேட்டிருக்கலாம். அவரோ பாம்புக் குடத்தினுள் தம் கையையே இட்டு, அடியார் குற்றமற்றவர் என்று நிறுவினார்.

துப்பாக்கியால் மட்டும் உயிர் போவதில்லை. காவலில் வைக்கப்பட்டவனை அடித்து உண்மை வாங்க முயலும் கையும் உயிரைப் போக்கும். அச்சங்கொண்ட இளைஞன் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் பெரும்பாலும் இதுவே. கைது செய்யப்பட்டவரைக் காவலர் நடத்த வேண்டிய முறையை உச்ச நீதிமன்றம் 1996இல் டி. கே. பாசு வழக்கில் வகுத்துத் தந்தது.

சிதம்பரம் கண்ட துயரம்

இவ்வச்சம் வெறும் கற்பனையன்று. 1965ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள், ஹிந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, சிதம்பரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிர் நீத்தார். அவருடைய சிலை இன்றும் அந்நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. அடுத்த மாதமே திருப்பூரில் காவல் அதிகாரிகள் இருவர் கூட்டத்தினரால் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவர் எப்பக்கத்தவராயினும் ஈன்ற வயிற்றின் எரிச்சல் ஒன்றே. படைவீரனுக்கு எல்லைக்கு அப்பால் பகைவன் உண்டு. காவலனுக்குப் பகைவன் என்று எவனும் இல்லை; எதிரில் நிற்பவனும் அவன் காக்க வேண்டிய குடிமகனே. இப்பணியின் சுமை இங்கேதான் கனக்கிறது.

சட்டம் இடும் வேலி

நாட்டின் சட்டமும் இக்கருத்தையே தழுவி நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா ஸம்ஹிதையின் 43ஆம் பிரிவு, கைதை எதிர்ப்பவரிடம் தேவையான வழிகளைக் கையாள இடந்தருகிறது. ஆயினும் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்கும் உரிமையை அப்பிரிவு எவருக்கும் அளிக்கவில்லை. பழைய சட்டத்தின் 46ஆம் பிரிவும் இவ்வாறே கூறிற்று. தன்னையோ பிறரையோ காக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அதுவும் தேவைக்கு மேற்பட்ட தீங்கை அனுமதிப்பதன்று.

காவலர் சுட்டு ஒருவர் இறந்தால் வழக்குப் பதிவும், சுதந்திரமான புலன்விசாரணையும், நடுவரின் விசாரணையும் நடைபெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்த நெறிகள் கூறுகின்றன. அந்நிகழ்ச்சியை ஒட்டி உடனே பதவி உயர்வோ வீர விருதோ அளிக்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. உயிர் போனது வெற்றியாகக் கொண்டாடத் தக்கதன்று என்பதே இதன் கருத்து. காவலன் பெறும் துப்பாக்கியும் அவனுடைய உடைமையன்று. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. பணி முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். முனிவரிடம் இருந்த வாளைப் போல அதுவும் அடைக்கலப் பொருளே. முனிவர் செய்த பிழை, அதைக் கீழே வைக்க மறந்தமையாகும்.

அஞ்சுபவனே ஏந்தத் தக்கவன்

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கடலூர்க் கரையை அழித்தபோதும், 2011 இறுதியில் தானே புயல் வீசியபோதும், காவலர் கையில் இருந்தது மீட்கும் பணியே. திருவிழாக் கூட்டத்தில் தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்ப்பதும் அப்பணியே. பல காவலர் தம் பணிக்காலம் முழுதும் ஒருவரையும் சுடாமலே ஓய்வு பெறுகின்றனர்.

எனினும் நேராது என்று எவரும் உறுதி கூற இயலாது. ஒரு குழந்தையின் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டு, வேறு வழி யாவும் அற்ற கணத்தில், கை எழாமற்போனால் அதுவும் ஓர் உயிரைக் கைவிட்டதேயாகும். அத்தகைய வேளையிலும் தன்னால் இயலாது என்று உண்மையாகவே உணர்பவன் தீயணைப்புப் பணியையோ மருத்துவப் பணியையோ நாடலாம். அதில் இழிவு சிறிதும் இல்லை, அவையும் ரக்ஷணமே. இயலும், ஆனால் அந்நாள் வரவே கூடாது என்று வேண்டுபவனோ தயங்காமல் முன்வரலாம். அவன் அச்சம் பாபத்துக்கு அஞ்சும் அச்சம். அதுவே அவன் கையைக் கட்டிக் காக்கும் வேலி. அஞ்சுபவன் விலகிவிட்டால், அந்த ஆயுதம் அஞ்சாதவன் கைக்கே செல்லும் அன்றோ!

அவன் இல்லத்தில் தாயோ மனைவியோ கவலை தெரிவித்தால், அதனைத் தடையென்று கொள்ளாமல், பிராட்டியின் வாக்கைப் பெருமாள் ஏற்றவாறு ஏற்பானாக. நாள்தோறும் ஆயுதத்தை ஒப்படைத்து வீடு திரும்புகையில், நெஞ்சில் அந்த நடுக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வானாக. இருந்தால், அவன் காக்கத் தகுதியுடையவனே.