தொண்டிற்குத் தலைமை ஏற்கும் இளைஞர்கள்

தொண்டு நிறுவனங்கள் பல நலிவதற்குக் காரணம் பணப் பற்றாக்குறை மட்டுமன்று. அடுத்துப் பொறுப்பேற்க ஆளில்லாமையும் ஆகும். ஒருவர் அரும்பாடுபட்டு ஒரு மாணவர் இல்லத்தையோ இலவச மருத்துவ நிலையத்தையோ நிறுவுகிறார். அவர் தளர்ந்ததும் பணியும் தளர்ந்துவிடுகிறது. இளைஞர்கள் வரவில்லை என்று குறைகூறுவது எளிது. ஆனால் வந்த இளைஞர்களை நாம் என்ன செய்தோம்? விழா நாளில் பந்தி பரிமாறச் சொன்னோம். நாற்காலிகளை அடுக்கச் சொன்னோம். வரவு செலவுக் கணக்கை அவர்களிடம் காட்டினோமா? ஒரு முடிவை எடுக்கும் பொறுப்பை ஒருமுறையேனும் அளித்தோமா?

இவ்வகையில் நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு முயற்சி ஆழ்ந்து கற்கத்தக்கது.

பெற்றதைப் பிறர்க்களித்தல்

கோபால கிருஷ்ண கோகலே 1866-இல் பிறந்தவர். இருபது வயதைக் கடந்த வேளையில் புனேயில் மகாதேவ கோவிந்த ரானடேயின் வழிகாட்டுதல் அவருக்குக் கிட்டியது. 1901-இல் ரானடே மறையும்வரை, ஏறத்தாழ 14 ஆண்டுகள், அப்பயிற்சி நீடித்தது. அரசாங்க அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் வரிவரியாக ஆராய்வது, எழுதியதைத் திருத்துவது, சான்றில்லாத சொல்லைத் தவிர்ப்பது ஆகியவற்றை அங்கே அவர் கற்றார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய வரவு செலவுத் திட்ட உரைகளின் வலிமை, யாரும் காணாத அந்த ஆண்டுகளில் விளைந்ததாகும்.

தாம் ஒருவரிடமிருந்து பெற்றதைப் பலருக்கும் கிடைக்கச் செய்ய அவர் விரும்பினார். 1905 ஜூன் 12 அன்று புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். பெயரைக் கவனியுங்கள்: தலைவர்கள் சங்கம் அன்று, ஊழியர்கள் சங்கம். சேர்பவர் ஏழு உறுதிமொழிகளை ஏற்க வேண்டும். நாட்டின் நலனுக்கே முதலிடம், சங்கம் அளிக்கும் எளிய வாழ்க்கையில் மனநிறைவு, தூய தனிவாழ்வு, எவருடனும் சொந்தப் பூசல் கொள்ளாமை ஆகியவை அவற்றுள் அடங்கும். அதன்பின் ஐந்தாண்டுப் பயிற்சி.

மூன்று படிகள்

வேதாந்தம் பயில்வோர் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்னும் மூன்று படிகளை அறிவர். தொண்டுப் பயிற்சிக்கும் இவை பொருந்துகின்றன.

முதலாவது, கேட்டலும் கற்றலும். இரக்கம் தொண்டின் வித்து. ஆனால் பிரச்சினையின் வேரை அறியாத இரக்கம் விரைவில் சோர்ந்துவிடும். ஆகவேதான் கோகலே பயிற்சியாளர்களைப் படிப்பில் ஈடுபடுத்தினார்.

இரண்டாவது, கண்டு சிந்தித்தல். பயிற்சியில் நாட்டைச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு பகுதியாகும். 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளுக்கும், ஓராண்டுக் காலம் பொதுப் பிரச்சினைகளில் கருத்துரைக்காமல் நாட்டைப் பார்த்து வருமாறு கோகலே அறிவுறுத்தினார். உலகப் புகழ் பெற்றுத் திரும்பிய ஒருவருக்கே மௌனம் பயிற்சியாயிற்று எனில், நேற்று வந்த நமக்கு அது எத்துணை இன்றியமையாதது!

மூன்றாவது, பொறுப்பில் ஒன்றித் தோய்தல். 1909-இல் சங்கத்தில் சேர்ந்த என். எம். ஜோஷி, 1911-இல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தை நிறுவி, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கல்விக்கும் நலனுக்கும் உழைத்தார். 1920-இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவானபோது அதன் தூண்களுள் ஒருவராக விளங்கினார். பயிற்றுவித்தவர் செய்த பணியை மாணவர் அப்படியே நகலெடுக்கவில்லை. தமக்குரிய களத்தைத் தாமே கண்டார். நல்ல பயிற்சியின் அடையாளம் இதுவே.

உரைகல்

1915 பிப்ரவரி 19 அன்று, தமது 48-ஆம் வயதில் கோகலே மறைந்தார். சங்கம் கலையவில்லை. சென்னையில் தலைமையாசிரியர் பணியைத் துறந்து 1907-இல் சேர்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையேற்றார். அவருக்குப் பின் 1927-இல் தேவதர், 1936-இல் ஹிருதயநாத் குன்ஸ்ரு. குன்ஸ்ரு சங்கத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது சுமார் 22 மட்டுமே! நிறுவியவர் மறைந்தபின் நிகழ்வதே பயிற்சிக்கு உரைகல்லாகும்.

ஒன்றை மறைக்கலாகாது. இச்சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை என்றும் சிறியதாகவே இருந்தது. வாழ்நாள் முழுவதையும் அர்ப்பணிக்க எல்லோராலும் இயலாது. இல்லறத்திலும் அலுவலிலும் இருக்கும் இன்றைய இளைஞரிடம் அதே அளவுகோலை வைத்தல் நியாயமன்று. அவர் வாழ்வு நடத்தத்தக்க ஊதியம் கேட்டால் அது தியாகக் குறைவும் அன்று. அளவை மாற்றிக்கொள்ளலாம், முறையைக் கைவிடலாகாது.

மூத்தவர்க்குக் கடினமானது கற்பித்தல் அன்று, விலகி நிற்றல். இளைஞர் எடுக்கும் முடிவு நாம் எடுத்திருக்கக்கூடியதைவிடச் சற்றுக் குறையுடையதாக இருக்கலாம். பெருந்தீங்கு நேராதவரை அதைப் பொறுத்து, பின்னர் தனியே அமர்ந்து ஆராய்வதே பயிற்சி. ‘என் நிறுவனம்’ என்னும் பற்றை விடாதவரால் வாரிசை உருவாக்க இயலாது. இங்கே தொண்டே மூத்தவருக்குச் சாதனையாகிறது.

சிந்தனைக்கு

1. நம் பணியில் 30 வயதிற்குட்பட்ட ஒருவர் முழுப் பொறுப்பேற்றிருக்கும் பகுதி எது?

2. நம் கணக்கையும், நன்கொடையாளருடனான தொடர்பையும் அறிந்த இரண்டாமவர் யார்?

3. ஆறு மாதம் நாம் விலகியிருந்தால் எப்பணி நின்றுபோகும்? அப்பணியை யாருக்கு இன்றே கற்பிக்கத் தொடங்கலாம்?