வண்டி இடிக்கிறதா, ஆடுகிறதா?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலுக்குப் பின் பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்களுக்குக் குடியிருப்பு ஓரிடம், காணி வேறிடம் என்றாகிவிட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது வீடிழந்த கொஸ்லந்தை மக்கள் இத்தகைய பிரிவை முன்னரே அறிந்தவர்கள். இடையிலுள்ள தூரத்தை இணைப்பது வண்டிதான். காலையில் காணிக்குப் போவதும், கோவா மூட்டையைக் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஏற்றுவதும், நடு இரவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதே வண்டியில்தான்.

அந்த வண்டியும் பெரும்பாலும் பழையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் விலை எமக்கு எட்டாதது. ஆகவே இருக்கும் வானையும் பட்டா லொறியையும் ஆட்டோவையும் வைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டும். 'வண்டி முன்னைப் போல் இல்லை, தூக்கித் தூக்கிப் போடுகிறது' என்று பலரும் சொல்வதைக் கேட்கிறோம். கரேஜுக்குப் போனால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றே: 'நாலு சொக் அப்சோபரும் மாற்ற வேண்டும்.' அந்தச் செலவுக்குச் சம்மதிக்கும் முன் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இப்பாடத்தில் பார்ப்போம். அவற்றில் பலவற்றுக்குச் சதமும் செலவில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். 'தூக்கிப் போடுகிறது' என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு நோய்களைக் குறிக்கிறோம். சிறு கல்லில் ஏறினாலும் அடி நேரே முதுகெலும்பில் விழுந்தால் அது இடி. பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி படகு போல மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தால் அது ஆட்டம். அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய பின் ஸ்பிரிங் தொடர்ந்து ஆடாமல் அடக்குவது சொக். இளம் சவுக்குக் கன்றை வளைத்து விட்டால் அது எத்தனை தடவை ஆடுகிறது? அதைப் பிடித்து நிறுத்தும் கைதான் சொக். சொக் தளர்ந்தால் பெரும்பாலும் வண்டி ஆடும், இடிக்காது. ஆகவே இடிக்கிற வண்டிக்கு முதல் வேலையாகப் புதுச் சொக் போடுவது, காய்ச்சல்காரனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது போன்றது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒரு மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து நின்றுவிட்டால் அந்தப் பக்கத்துச் சொக் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் களைத்துவிட்டது. இச்சோதனை வானுக்குப் பொருந்தும். வெறும் லொறியின் பின்பக்கம் இயல்பிலேயே இறுகியது, அழுத்தினால் அசையாது. சுமைக்காகச் செய்த லொறி வெறுமையாக ஓடும்போது சற்று இடிப்பது நோயல்ல.

அடுத்து, சாரதியிடம் ஒரு கேள்வி: எப்போதிருந்து? சிறிது சிறிதாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா? ஒரே நாளில் என்றால் அதற்கு முன் வண்டியில் என்ன செய்தீர்கள்? பாதி விடை இதிலேயே வந்துவிடும். பசறைப் பக்கத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு வானுக்கு நான்கு சொக்குகளும் மாற்றச் சொல்லியிருந்தார்கள். பணமும் சேர்த்துவிட்டார்கள். எப்போதிருந்து என்று கேட்டால், புது டயர் போட்ட கிழமையிலிருந்து என்றார் சாரதி. போட்டிருந்தவை பாரம் ஏற்றும் வகைத் தடித்த டயர்கள். போதாதற்கு, டயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அத்தனை இறாத்தல் காற்றும் அடித்திருந்தார்கள். அந்த எண் டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அதுவல்ல. வேண்டிய அளவு சாரதியின் கதவு நிலையில் ஒட்டியுள்ள தாளிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். காற்றைச் சரியான அளவுக்கு இறக்கியதும் இடியில் பெரும்பங்கு போய்விட்டது. சேர்த்த பணம் விதை உருளைக்கிழங்குக்குப் போனது.

காற்றைப் பற்றி இன்னும் சில சொல்ல வேண்டும். பெல்பாஸ்டில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் டன்லப் 1888இல் காற்றடைத்த டயரைச் செய்தது, தம் மகனின் மூன்றுசில்லுச் சைக்கிள் கல்லில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே. ஆகவே வண்டியின் முதல் ஸ்பிரிங் டயருக்குள் இருக்கும் காற்றுத்தான். டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் ஓடுமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறினால் அளவு கூடிக் காட்டும். ஏறக்குறைய 5, 6 பாகை செல்சியஸுக்கு ஓர் இறாத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்லவாயவில் அடித்த காற்று ஹப்புத்தளையில் ஏறிவிடும், அதனால்தான் இடிக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. மேலே வளியமுக்கம் குறைவதால் அளவு 2 இறாத்தல் வரை ஏறுவது உண்மையே. ஆனால் மேலேயுள்ள குளிர் ஏறக்குறைய அதே அளவை இறக்கிவிடுகிறது. மலையைக் குறைசொல்ல வேண்டாம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1219 என்றால் 2019ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பழைய இறப்பர் கெட்டிப்பட்டுவிடும். கெட்டிப்பட்ட டயர் இடிக்கும். மழையில் வழுக்கவும் செய்யும்.

டயரில் குறையில்லை என்றால் ஸ்பிரிங்குக்குப் போவோம். பட்டா லொறிக்கு முன்னும் பின்னும், டொல்பின் வானுக்குப் பின்னால், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் உள்ளன. அடி விழும்போது இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். புயலுக்குப் பின் சேற்றிலும் வெள்ளத்திலும் ஓடிய வண்டிகளில் மண் உள்ளே புகுந்து காய்ந்து, துரு ஏறி, பட்டைகள் ஒட்டிப்போய் ஒரே கட்டையாகிவிடுகின்றன. ஓடும்போது கிறீச்சென்ற சத்தமும் பட்டைகளின் ஓரத்தில் செந்துருத் தூளும் இதற்கு அடையாளம். நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவிட்டு, பட்டையின் முனையைத் தாங்கும் ஆடுதண்டுகளுக்குக் கிறீஸ் அடியுங்கள். கிறீஸ் முலை அடைபட்டிருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காக ஒரு பட்டை அதிகம் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் இடியை நீங்களே விலை கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். மரக்கறிக் காலம் முடிந்ததும் அதைக் கழற்றலாம்.

டொல்பின் வானின் முன்பக்கத்தில் பட்டை கிடையாது, முறுக்குக் கம்பி உண்டு. வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று சொன்னால் சில பாஸ்மார் அதன் ஆணியை இறுக்கி உயர்த்தித் தருவார்கள். அளவுக்கு மீறி உயர்த்தினால் சில்லு பள்ளத்துக்குள் இறங்க இடமில்லாமல் மேற்கை தடையில் போய் முட்டும். பள்ளந்தோறும் 'டக்' என்று கேட்டால் இதைச் சந்தேகியுங்கள்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஸ்பிரிங் களைத்து வண்டி தாழ்ந்துவிட்டால், சில்லு மேலே வந்து சட்டத்தில் முட்டும். முட்டாமல் தடுக்கச் சட்டத்தில் பொருத்தியுள்ள இறப்பர்க் கட்டை நைந்து விழுந்திருந்தால் இரும்பும் இரும்பும் மோதும். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று அறிய, சமதரையில் சில்லின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் நாடாவால் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆட்டோவுக்கும் இதே வழி.

சொக்கை ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. அதன் தண்டு வளைந்தாலோ உள்ளே இறுகினாலோ அது இடிக்கவும் செய்யும். கரடுமுரடான பாதையில் ஒரு கட்டை ஓடி வந்து, நான்கு சொக்குகளையும் கையால் தொட்டுப் பாருங்கள். சைலன்சரில் கை படாமல் கவனம். வேலை செய்யும் சொக் இளஞ்சூடாக இருக்கும். குளிர்ந்தே இருப்பது வேலை செய்யவில்லை. எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. அதை மாற்றத்தான் வேண்டும், அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து. ஏனெனில் ஆடும் சில்லு பாதி நேரம் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சில்லுக்குப் பிரேக்கும் இல்லை. பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குபவர்கள் இதை மறக்க முடியாது.

கரேஜில் புதிய புஷ் போட்டு வந்த பின் வண்டி முன்னிலும் இறுகியதா? ஜக்கில் தூக்கி, சில்லு தொங்கும் நிலையிலேயே ஆணிகளை முழுதாக இறுக்கியிருப்பார்கள். வண்டி இறங்கியதும் புஷ்ஷின் இறப்பர் எந்நேரமும் முறுக்கப்பட்டபடி நிற்கும். விரைவில் கிழிந்தும் போகும். ஆணிகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, அதன் சொந்தப் பாரம் சில்லுகளின்மேல் இருக்கும்போது மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள்.