கடற்கரை மனை வாங்குறீங்களா? முதல்ல கடலோட வேகத்தைக் கணக்குப் போடுங்க



சித்தையன்கோட்டை அண்ணன் ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "தம்பி, வயல் வித்த பணம் இருக்கு. மீதிக்கு 20 வருஷ லோன் போட்டு ஈசிஆர் பக்கம் கடலோரமா ஒரு மனை வாங்கலாமா?" பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்துட்டார். பார்க்காதது ஒண்ணுதான்: அங்க கடல் உள்ளே வருதா?

சென்னையில இருக்கிற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோடுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிட்டத்தட்ட 43 சதவீதம் அரிப்பில் இருக்கு. ஆனா எல்லா இடமும் ஒண்ணு இல்லை. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிச்சது. அதனால சராசரி உதவாது. உங்க மனைக்கு நேர் எதிரே உள்ள கரையைத்தான் பார்க்கணும்.

1. கரை நகரும் வேகம்

கற்பனை எண்களில் ஒரு உதாரணம். மனை கரையிலிருந்து 45 மீட்டர். 28 வருஷத்தில் கரை 42 மீட்டர் அரிச்சிருக்கு.

42 ÷ 28 = வருஷத்துக்கு 1.5 மீட்டர்
20 வருஷத்துக்கு = 30 மீட்டர்

லோன் முடியும்போது 15 மீட்டர் மிச்சம். பரவாயில்லைன்னு தோணுதா?

இது ஒரு ஃபண்டோட முதல் நாள், கடைசி நாள் என்ஏவி மட்டும் வெச்சு வருமானம் கணக்குப் போடுற மாதிரி. நடுவுல உள்ள வருஷங்களையும் பாருங்க. முதல் 20 வருஷத்தில் 12 மீட்டர், கடைசி 8 வருஷத்தில் 30 மீட்டர்னா, இப்போதைய வேகம் 3.75 மீட்டர். இதே வேகம் நீடிச்சா 12 வருஷத்தில் கடல் உங்க வேலியைத் தொடும். மீதி 8 வருஷம் இல்லாத மனைக்கு இஎம்ஐ கட்டணும்!

வேகம் ஏன் மாறுச்சுன்னும் விசாரிங்க. பக்கத்துல துறைமுகமோ தூண்டில் வளைவோ புதுசா வந்திருக்கலாம்.

2. கடல் மட்டம்

ஐபிசிசி 2021 அறிக்கைப்படி, 2006 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. 2100க்குள் உயர்வு, கார்பன் உமிழ்வு மிகக் குறைஞ்சா 28 முதல் 55 செ.மீ.; மிக அதிகமானா 63 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுற தட்டையான நிலத்தில், 10 செ.மீ. உயர்ந்தாலே தண்ணி 10 மீட்டர் உள்ளே வரும். புயல் அலை இதுக்கு மேல தனி.

இணையத்துல கிடைக்கிற வெள்ள வரைபடங்களை மட்டும் நம்பாதீங்க. பல வரைபடங்களுக்கான செயற்கைக்கோள் உயர அளவு, மரத்து உச்சியையும் மொட்டை மாடியையும் தரைன்னு எடுத்துக்கும். நிலம் நிஜத்தை விட மேடாத் தெரியும். சர்வேயரை வெச்சு மட்டம் எடுங்க.

3. அட்வான்ஸ் கொடுக்கும் முன்

- கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுதுன்னு பாருங்க. கட்டடத் தடைப் பகுதியா இருக்கலாம்.
- வீட்டு இன்சூரன்ஸ் கட்டடத்துக்குத்தான். கடல் கொண்டுபோன நிலத்துக்குப் பணம் வராது.
- நிலத்தோட ஆயுள் லோனை விடக் குறைவுன்னா, விலை எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

அண்ணன்கிட்ட நான் சொன்னது இதுதான்: "கடலைப் பார்க்கணும்னா வருஷத்துக்கு ரெண்டு தடவை ரூம் போட்டுப் பார்த்துட்டு வாங்கண்ணே. வயல் வித்த காசு கரையிலேயே இருக்கட்டும்."