கரிசல் வெயிலில் காயும் உப்புக்கண்டம்

கோயில் கொடைக்கு வெட்டிய கிடாயில் பந்திக்கும் பங்காளிகளுக்கும் போக மிஞ்சிய கறியை, ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்திலும் கோவில்பட்டிப் பக்கத்து வீடுகள் வீணாக்கியதில்லை. உப்பும் மிளகாய் வத்தலும் அரைத்துப் புரட்டி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கினார்கள். அமெரிக்காவில் மான்கறியில் செய்யும் ஜெர்க்கியும் தென்னாப்பிரிக்காவின் பில்டாங்கும் இதற்குச் சொந்தக்காரர்கள்தான்.

இங்கே மான்கறிக்கு வழியில்லை. பக்கத்து வல்லநாட்டில் வெளிமான்களுக்கென்றே 1987 முதல் சரணாலயம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிமானை வேட்டையாடினால் ஏழாண்டு வரை சிறை. நாக்கு ருசிக்காக அந்த உயிரைத் தொடுவது எந்த வகையிலும் நியாயமில்லை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கைமாறும் வெள்ளாடு போதும். மான்கறியைப் போலவே அதிலும் கொழுப்பு குறைவு.

கொழுப்பில்தான் எல்லாமே இருக்கிறது. சதையில் உள்ள நீர் வெயிலில் வற்றிவிடும். கொழுப்பு வற்றாது, நாள்பட நாள்படச் சிக்கு வாடை அடிக்கும். அதனால் எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ வாங்கி, கொழுப்பையும் சவ்வையும் கத்தி நுனியால் பொறுமையாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு சதையின் நார் ஓடும் வாக்கிலேயே விரல் நீளத்துக்கு, அரை சென்டிமீட்டர் கனத்தில் கீற்றாக அரிய வேண்டும். குறுக்கே அரிந்தால் நூலில் தொங்கும்போது பிய்ந்து விழும்.

மசாலாவுக்குக் கல் உப்பு 50 கிராம், விளாத்திகுளம் பக்கத்து வத்தல் இருபது, பூண்டுப் பல் பதினைந்து, விரல்நுனி அளவு இஞ்சி, மஞ்சள்தூள், சீரகம், மிளகு தலா ஒரு தேக்கரண்டி. தண்ணீர் விடாமல் அம்மியில் கெட்டியாக அரைத்தால் கறியோடு ஒட்டும். புரட்டியதைக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்தில் மூடி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கலாம். காலையில் கறி விட்ட தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

அடுத்த வேலை பாட்டிமார் செய்யாதது, இன்று அவசியம் செய்ய வேண்டியது: கீற்றுகளை இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைப்பது. வீட்டு ஜெர்க்கிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வதும் இதுதான். காயவைக்கும் முன்பே கறியின் உட்புறம் 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். ஈரம் போன பிறகு கிருமிகள் சூட்டைத் தாங்கப் பழகிவிடும், எளிதில் சாகாது.

ஆறியதும் கோணி ஊசியில் கனத்த பருத்தி நூலைக் கோத்து, ஒன்றோடொன்று உரசாமல் ஓர் அங்குலம் விட்டுவிட்டு மாலைபோல் கோக்க வேண்டும். மொட்டைமாடியில் கொடி கட்டித் தொங்கவிட்டு, சுற்றிலும் கொசுவலை போட்டுவிட்டால் ஈயும் காக்கையும் அண்டாது. முதல் நாள்தான் கண்டம். ஈரம் மேலே நிற்கும்போதுதான் ஈ மொய்க்கும். பொழுது சாய்ந்ததும் பனி இறங்குமுன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும்.

மாசி பிறந்து சித்திரை முடியும்வரை ஏற்ற காலம். ஆனி, ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரிக் கறியில் அப்பும். ஐப்பசி, கார்த்திகையில் நினைக்கவே வேண்டாம். வெயில் இல்லாத ஊரில் இருப்பவர்கள் ஓவனை 60 டிகிரியில் வைத்து, கதவைச் சற்றே திறந்துவிட்டு, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் உலர்த்தலாம்.

முதல் நாள் செக்கச்செவேலென்று பளபளக்கும் கீற்று, மூன்றாம் நாள் கருஞ்சிவப்பாகி ஓரம் சுருளும். நான்கைந்து வெயில் கண்டபின் வளைத்தால் விறைப்பாக நிற்கும், டப்பாவில் போட்டுக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்கும். ஒரு கிலோ கறி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். மேலே வெள்ளையாகப் பூப்பது உப்பு. பச்சையாகவோ பஞ்சுபோலவோ படர்ந்தால் பூசணம், யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் போட்டு, மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் அடுத்த மழைக்காலம்வரை வரும். சமைக்கும்போது வெந்நீரில் அலசி உப்பைக் குறைத்து, குழவியால் இரண்டு தட்டு தட்டி நாரைப் பிரிக்க வேண்டும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, அதில் போட்டு மொறுமொறுவென்று வறுத்தால் கம்மங்கஞ்சிக்கு இதைவிட நல்ல தொடுகறி கரிசலில் கிடையாது. தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது.