மின்வாளும் உயிர்க்காவலும்

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்கள் முன்னாளில் ஏரியும் வயலும் சூழ்ந்தனவாய் இருந்தன. 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிற்று. 1965-இல் ஆவடிக் கனவூர்தித் தொழிற்சாலையினின்று முதல் விஜயந்தா டாங்கி வெளிப்போந்தது. அந்நாள் தொட்டு இப்பகுதி ஆலைகளாலும் புதுமனைகளாலும் நிறைந்து வருகின்றது. பெரிய ஆலைகளில் மின்பொறிகளைக் கண்காணிக்கத் தக்கார் உளர். தெருவோரத்துத் தச்சுப்பட்டறையிலும், கதவு நிலை பொருத்தும் புதுமனையிலும், நீண்டதோர் ஒயரின் முனையிற் சுழன்று மரமறுக்கும் சிறு மின்வாளைக் கண்காணிப்பார், அதனைக் கையிற் பிடித்தவரேயன்றிப் பிறரில்லை. அவரும் பல்லுடைய வட்டத்தகட்டை அஞ்சுவரேயன்றிப் பின்னே தொடரும் ஒயரை அஞ்சுவாரல்லர். அவ்வொயரைப் பற்றியதே இக்கட்டுரை. தமிழ் பயில்வார்க்கு மின்வாளோடு என்ன தொடர்பென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். வீடு கட்டுவோரும் கட்டுவிப்போரும் நம்முட் பலராதலின் அந்நகைப்பைப் பொருட்படுத்தாது மேற்செல்வோம்.

மின் என்னுஞ் சொல் நம் பழைய நூல்களில் மின்னலைக் குறித்தது. மின்னல் தன் வரவைக் கண்ணுக்கும் செவிக்கும் அறிவிக்கும். ஒயரினுள் ஓடும் மின்னோ தொட்டாலன்றித் தன்னை அறிவியாது. நம் இல்லங்கட்கு வருவது 230 வோல்ட்டு. நனைந்த கையும் வெறுங்காலுமாய் நிற்பாரது உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் எனக் கொள்வர். அங்ஙனமாயின் அவருடலூடே பாயக்கூடியது 0.23 ஆம்பியர், அஃதாவது 230 மில்லியாம்பியர். இஃது எத்துணைக் கொடியது என்பதை அறிய ஓர் அளவுகோல் வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த சார்லஸ் டால்சியல் என்பார், கையிற் பிடித்த கம்பியைத் தாமே விடக்கூடிய எல்லை யாதென, மனமுவந்து முன்வந்தோரைக் கொண்டு சோதித்தார். ஆடவர்க்குச் சராசரி 16 மில்லியாம்பியர் என்றும், மகளிர்க்கு அதனினுங் குறைவு என்றுங் கண்டார். அவ்வெல்லையைக் கடப்பின் விரல்கள் தாமே இறுகி மூடிக்கொள்ளும். விட நினைத்தாலும் கை விடாது. சுழலும் வாளைப் பிடித்த கை அவ்வாறு இறுகின் விளைவது யாதென விரித்துரைக்க வேண்டா. இன்னும் மிகின் நெஞ்சத் துடிப்பு நிலைகுலைந்து உயிர் பிரியும்.

"பியூஸ் இருக்கின்றதே, எம்.சி.பி. இருக்கின்றதே" என்பார் பலர். யாம் வற்புறுத்த விழைவது ஈண்டேயுள்ளது. பியூஸ் காப்பது ஒயரை, ஆளை அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி., ஓடும் மின் அவ்வளவைக் கடந்தாலன்றி விழாது. மேற்கண்ட 0.23 ஆம்பியர் ஒருவர் உயிரைக் குடித்துக்கொண்டிருக்கையில், ஐம்பது வாட்டு விளக்கொன்று எரிவதாகவே கருதி அது வாளா இருக்கும்.

ஆளைக் காப்பன வேறு. அவற்றுள் ஒன்று, 'எர்த்து' என வழங்கும் நிலத்தொடர்பு. மும்முனைப் பிளக்கில் நீண்டு பருத்த முனை அதற்குரியது. செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது இறுதியில் விடவும் வேண்டியே அது நீண்டுளது. உலோகக் கூடுடைய பொறியின் உள்ளே ஒயர் நைந்து கூட்டைத் தொடுமாயின், மின் அவ்வழியே பெருகியோடிப் பியூஸை வீழ்த்தும். ஆனால் நாம் அடிக்கடி காண்பதென்ன? இருதுளைப் பெட்டிக்குப் பொருந்தவேண்டி அம்முனையை ஒடித்தெறிதல். அன்றிப் பிளக்கே இல்லாது ஒயர் நுனிகளைச் சீவித் துளைகளிற் செருகித் தீக்குச்சியால் இறுக்குதல். இரண்டிலும் எர்த்து இல்லை. தீக்குச்சி தளரின் மின்னோடும் நுனி வெளியே தொங்கும். இவ்வழக்கிற்கு யாதொரு சமாதானமும் இல்லை என்பதே எம் துணிபு. பிளக்கின் விலை ஒருவேளை உணவின் விலைக்கு மிகாது.

இக்காலத்து மின்வாள்களிற் பல இரட்டைக் காப்புடையன. ஒரு சதுரத்துள் மற்றொரு சதுரம் வரைந்த குறி அவற்றின் பெயர்த்தகட்டில் இருக்கும். அவற்றிற்கு எர்த்து ஒயர் வேண்டுவதில்லை. ஆயினும், சுவரினுள்ளோ பலகைக்குப் பின்னோ மறைந்தோடும் மின்கம்பியை வாள் அறுக்குமாயின், அதன் வெளிப்புற உலோகப் பகுதிகளில் மின் ஏறும். ஆகலின் பழைய கட்டடத்தில் அறுக்குமுன் அவ்வறையின் மின்னை நிறுத்துக. வாளைக் காப்பிட்ட கைப்பிடியிலன்றிப் பிறவிடத்துப் பற்றற்க.

மற்றொரு காவல், ஆர்.சி.சி.பி. என்னுங் கருவி. செல்லும் மின்னும் மீளும் மின்னும் ஒத்த அளவினவாவென்று அஃது இடைவிடாது ஒப்புநோக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தாலும், ஆளுடல் வழியே கசிகின்றதெனக் கொண்டு நொடியிற் சிறுபகுதிக்குள் அறுத்துவிடும். முற்கூறிய டால்சியலே 1961-இல் இத்தகைய நுண்கருவி ஒன்றை அமைத்தார். புதுமனையிற் பணி நிகழுங் காலத்துக்கு எடுத்துச்செல்லத்தக்க வடிவிலும் இது கிடைக்கின்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை வேலை தொடங்குமுன் அழுத்திப் பார்த்தல் நன்று. ஒருவர் இரு கம்பிகளையும் ஒருங்கே பற்றி, நிலத்தொடர்பின்றி நிற்பாராயின், இதுவும் அவரை உணராது என்பதை மறைத்தல் கூடாது.

இனி ஒயர். தன் ஒயரைத் தானே அறுத்துக்கொள்ளும் பொறி மின்வாளேயாம். அதனால் தேர்ந்த தச்சர் ஒயரைத் தோளின்மேலிட்டுப் பின்புறம் வீழவிடுவர். நைந்தவிடத்தில் நாடா சுற்றுதல் தகாது, ஒயரையே மாற்றுக. 1500 வாட்டு வாள் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் கொள்ளும். முக்கால் சதுர மில்லிமீட்டர்ச் செப்பு ஒயரை 30 மீட்டர் நீட்டி இதனை ஓட்டினால், வழியிலேயே பத்து வோல்ட்டளவு குறைந்து, அறுபது வாட்டுக்கு மேல் ஒயரில் வெப்பமாகும். விரிந்து கிடக்கும் ஒயர் அவ்வெப்பத்தைக் காற்றில் விடும். உருளையிற் சுற்றியபடியே இருப்பது விடமாட்டாது உருகத் தொடங்கும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் ஒயரை முழுதும் விரித்துப் பயன்கொள்க.

தகடு மாற்றும்போது சுவிட்சை நிறுத்தினாற் போதாது. பிளக்கைப் பிடுங்குதல் வேண்டும். கரண்டு போன வேளையிலும் அவ்வாறே. பூட்டிய சுவிட்சோடு கீழே வைத்த வாள், கரண்டு மீண்டதும் தானே துள்ளியோடும்.

சித்திரை வெயிலின் வியர்வையும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் உடலின் தடையைக் குறைப்பன. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அறுத்தல் ஆகாது. உலர்ந்த பலகைமேல், ரப்பர் அடியுடைய செருப்போ காலணியோ அணிந்து நிற்க. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையையும் புறநகரையும் வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய காலத்து நீரில் மூழ்கிய பொறியை வெயிலில் உலர்த்தி உடனே ஓட்டுவார் உளர். உள்ளிருக்கும் சேறு உலராது. மின்வினைஞர் ஒருவர் அதன் காப்புத்தடையை மெக்கர் கொண்டு அளந்து சொல்லுமளவும் அதனைத் தொடற்க.

ஒருவர் மின்பட்டுக் கிடப்பாராயின் அவரைத் தொட்டிழுக்க ஓடற்க, தொட்டவரும் வீழ்வர். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. அஃது எட்டாதாயின் உலர்ந்த மரக்கோலால் ஒயரை விலக்குக. மூச்சின்றிக் கிடப்பின், 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க. ஒருவர் களைத்தால் மற்றொருவர் தொடர்க, வண்டி வருமளவும்.