தவக்காலத்துக்கு ஆறு தாள் போதும், தங்கச்சி

கம்பெனி வண்டி காலை ஏழுக்கு வருது, ராத்திரி வீடு சேர எட்டாகுது, இதில் தவக்காலத் தியானத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று போனில் கேட்டாய். ஆம்பூரில் இருபது வருஷம் தையல் லைனில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நாற்பது நாளுக்கு நாற்பது பொன்மொழி சேர்க்காதே. நான் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். காலையில் வாட்ஸ்அப்பில் ஒன்று வரும், ‘ஆமென்’ போடுவேன், மத்தியானம் யாராவது கேட்டால் அது என்னவென்றே ஞாபகம் இருக்காது. நம் தாத்தா காலத்துத் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல் வாரக்கணக்கில் ஊறுமாம். அவசரப்பட்டு எடுத்தால் மேலே நிறம் ஏறியிருக்கும், ஓரத்தை வெட்டிப் பார்த்தால் நடுவில் பச்சையாகவே இருக்கும். அதனால் ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் கொடு. சாம்பல் புதன் தொடங்கிப் பெரிய சனி வரை 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்துத்தான் 40 என்கிறோம். ஆறு சொல் தாராளம்.

இதற்கென்று நோட்டு வாங்க வேண்டாம். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதி டிபன் பையில் போடு. வண்டிக்கு நிற்கிற பத்து நிமிஷத்தில் ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை எடுத்துப் பார். மெஷின் ஓடும்போது மட்டும் வேண்டாம். அப்போது கண் ஊசியிலேயே இருக்கட்டும்.

நீதிமொழிகளிலிருந்து எடுக்கலாம், சின்னச் சின்ன வாக்கியம், மனசில் நிற்கும். திருக்குறளையும் தயங்காமல் எடு. வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். ஜி.யு. போப் 1886-ல் முழுக் குறளையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். வேதம் போதிக்க வந்தவர்களே அதை மடியில் வைத்துப் படித்திருக்கும்போது நமக்கென்ன தயக்கம்?

எனக்கு மறக்காத வாரம் அடக்கமுடைமை அதிகாரம் எடுத்த வாரம்தான். நெருப்புச் சுட்ட புண்ணையும் வாய்ச்சொல் சுட்ட புண்ணையும் வள்ளுவர் ஒப்பிடுவாரே, அந்தக் குறள். அந்த வாரமே புதிதாக வந்த பெண் ஒருத்தி ஷூ அப்பரில் தையலை ஓரம் விட்டு ஓட்டிவிட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயசிருக்கும். எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டி, “இது கண்ணா புண்ணா?” என்று கேட்டேன். அவள் பதில் பேசவில்லை. கத்தரி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணியென்றால் மறுபடி தைத்துவிடலாம். தோலில் பழைய ஊசித்துளை வரிசையாக அப்படியே தெரியும். சாப்பாட்டு மணி அடித்து டிபன் பையைத் திறந்தேன், தாள் மேலேயே கிடந்தது. சோறு இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். எந்த இடத்தில், யார் முன்னால் கத்தினாயோ, அங்கேயே போய்க் கேள். தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னால் அவள் பட்ட வெட்கம் தீராது.

அடுத்த தாளுக்குக் கதையே எடுக்கலாம். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் மோசே என்று ஒரு துறவி இருந்தார், முன்னாளில் கொள்ளைக்காரர். தப்புச் செய்த ஒரு சகோதரனை விசாரிக்க அவரைக் கூப்பிட்டார்கள். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தாராம். என்ன இது என்றார்கள். என் குற்றம் என் பின்னால் இப்படி ஒழுகுகிறது, நான் பார்க்கவில்லை, இன்னொருத்தன் குற்றத்தைத் தீர்க்க வந்திருக்கிறேன் என்றார். அவனை மன்னித்து அனுப்பினார்கள். தாளில் ‘ஓட்டைக் குடம்’ என்று மட்டும் எழுது, போதும்.

ஒரு வாரம் நம் வேலூர்க்காரர்களுக்குக் கொடு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயாளிக்குக் காலில் உணர்ச்சி இல்லை, முள் குத்தினாலும் தெரியாமல் நடந்தே பாதம் புண்ணாகிறது என்பதைக் கண்டு, அவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளைச் செய்யவைத்தார். வலி கடவுள் தந்த கொடை என்று கடைசிவரை சொன்னார். அந்த வாரம் ஒவ்வொரு ஜோடியைத் தொடும்போதும், இதைப் போடப்போகிற பாதத்துக்காக ஒரு மூச்சு ஜெபம் செய். உன் கழுத்து வலியையும் தவமென்று அடக்கிக்கொண்டிருக்காதே. போய் டாக்டரிடம் காட்டு.

ஒருசந்தி விஷயம். கத்தோலிக்கச் சட்டப்படி உபவாசம் கட்டாயமானது சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும்தான், அதுவும் 18 வயதிலிருந்து 59 வரை. சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வயிற்றைக் காயப்போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையும் கத்தரிக்காய் தொக்கையும் விட்டு, அந்தக் காசை ஒரு டப்பாவில் போட்டுவா. யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் நாளே முடிவு பண்ணிவிடு. இல்லாவிட்டால் ஈஸ்டர் துணிக்குப் போய்விடும்.

2025-லும் 2026-லும் ரமலானும் நம் தவக்காலமும் கூடவே வந்தன. பக்கத்து வீட்டு ஆப்பா சாயங்காலம் தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினால், நாம் கறி தொடாத வெள்ளிக்கிழமையாக இருந்து அதில் கறி கிடந்தால், பதறாதே. வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடு. தூக்கைக் காலியாகத் திருப்பாதே, நாலு பேரீச்சம்பழமாவது போட்டு அனுப்பு.

ஓ.டி. போட்ட ராத்திரி தாளைப் பார்க்காமலே தூங்கிவிடுவாய். மறுநாள் அதற்கும் சேர்த்து இரட்டையாகச் செய்ய உட்காராதே, அந்த நாளை அப்படியே விட்டுவிடு.

கடைசியில் ஆறு தாளையும் தூக்கிப் போடாதே. குருத்தோலையைச் சிலுவையாக முடைந்து படத்துக்குப் பின்னால் செருகுவோம் இல்லையா, அதோடு சேர்த்துச் செருகி வை. அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பல் செய்யக் கோயிலில் பழைய ஓலை கேட்பார்கள். ஓலையைக் கொடுத்துவிட்டு, தாள்களை மட்டும் எடுத்துப் படித்துப் பார்.