கடைக் கணினியின் நோயும் பரிகாரமும்

தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பை விளைத்தல் கூடும். நாமும் இத்துறையை விரும்பித் தேடிச் சென்றோமல்லோம். எம்மிடம் பயின்று, இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அச்சகம், புடைவைக் கடை, இரும்புக் கடை முதலியன நடத்தும் பழைய மாணவர் சிலர், "சேர், கணினியிலே தமிழ் பிழைத்துவிட்டது, ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்று அழைத்தமையே இதற்குத் தோற்றுவாய். தமிழைத் திருத்தச் சென்ற இடங்களிலே மற்றைக் குறைகளையும் கண்டோம். பெரிய நிறுவனங்களிற் கணினியைக் கவனிப்பதற்கென்றே உத்தியோகத்தர் உளர். ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடையிலோ முதலாளியும் கணக்கப்பிள்ளையுமே யாவற்றையும் கவனித்தல் வேண்டும். அவர்களுக்குப் பயன்படுமாறு நாம் கண்டறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறுவாம்.

1. ஆராயும் முறை

நோய் இன்னதென்று துணிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. கணினிக்கும் அதுவே முறையாம். குறை தோன்றியவுடன் கைக்கு வந்த விசையையெல்லாம் அழுத்துதல் நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

முதலிற் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. நிகழ்ந்தது யாது? எப்பொழுது தொடங்கியது? ஒரு கணினியில் மாத்திரமா, எல்லாவற்றிலுமா? தொடங்குவதற்குச் சற்று முன் எதனை மாற்றினோம்? இவற்றுள் மூன்றாவது வினா பாதி வழியைக் காட்டிவிடும். எல்லாக் கணினிகளிலும் இணையம் இல்லையாயின் குறை வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ ரவுட்டரிலோ உளது. ஒன்றில் மாத்திரம் இல்லையாயின் அவ்வொன்றையே ஆராய்தல் போதும்.

கொட்டாஞ்சேனையில் ஓர் இரும்புக் கடையிலே பில் அச்சிடும் பொறி நின்றுவிட்டது. கடையிலிருந்த மூவரும் ஆளுக்கொரு மாற்றத்தைக் கணினியிற் செய்து பார்த்தனர். உண்மையான காரணம், காலையிற் கூட்டும்போது கம்பி தளர்ந்தமையே. கம்பியைச் செருக ஒரு நிமிடமும் ஆகவில்லை. மூவரும் மாற்றியவற்றைப் பழைய நிலைக்குக் கொணர அரைநாள் சென்றது. ஆதலின், ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்க. அது பயன் தராவிடின் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை நாடுக. திரையில் வரும் பிழைச் செய்தியைக் கைப்பேசியிற் படம் பிடித்துக்கொள்க. குறையையும் தீர்த்த வழியையும் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பின், அதே குறை மீண்டும் வரும்போது அக்கொப்பியே ஆசானாகும்.

2. மின்சாரமும் இணைப்பும்

2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தாரிலர். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று பட்டதனால் நாடு முழுவதும் இருண்டது என்றார் அமைச்சர். கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுமாயின், எழுதப்படும் கோவை பாதியில் முறிந்து கெடலாம். யூ.பி.எஸ். என்னும் கருவி, வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தருவது. நாள் முழுதும் வியாபாரம் நடத்துவதற்கன்று. அதன் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். லேசர் அச்சுப்பொறியை அதனோடு இணைத்தலாகாது. அப்பொறி சூடேறும்போது இழுக்கும் மின்னைக் கருவி தாங்காது.

இணையம் நின்றால் ரவுட்டரின் மின்னிணைப்பை அரை நிமிடம் எடுத்து மீண்டும் கொடுத்துப் பார்த்து, பின்னரே கம்பனிக்கு முறையிடுக. வெள்ளவத்தையிற் கடலையடுத்த ஒழுங்கைகளில் உப்புக் காற்றினாற் செருகிகளின் உலோகம் கறுப்பதுண்டு. கம்பியைக் கழற்றித் துடைத்துச் செருகுதல் பல குறைகளைத் தீர்க்கும்.

3. தமிழெழுத்துக்கு நேர்வது

இனி, எம்மை அழைத்த காரணத்துக்கு வருவாம். அச்சகத்திலே அழகாகத் தெரிந்த தமிழ், வாடிக்கையாளரின் கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுகிறது. இதற்குக் காரணம் யாது?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிற் கணினியின் நினைவிலே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தே உண்டு. எம் என்னும் சிறிய ஆங்கில எழுத்தின்மேல் 'அ' என்னும் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். கூத்தன் வேடம் பூண்டு நிற்பது போன்றது இது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைய, உள்ளிருந்த ஆங்கிலம் வெளிப்படும். ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட் முறையிலோ தமிழெழுத்துக்கே தனி எண் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இலங்கையிலும் 2008இல் இலங்கைத் தர நிர்ணயம் 1326 தமிழுக்கென வகுக்கப்பட்டது; ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பெற்றது. எனவே, புதிய வேலைகளை ஒருங்குறியிலேயே எழுதுதலும், பழைய பாமினிக் கோவைகளை மாற்றி மென்பொருளால் ஒருங்குறிக்குக் கொணர்தலும் பரிகாரமாம்.

ஆயினும் மாற்றிய பின்னரும் ஒரு நுண்ணிய பிழை எஞ்சும். பாமினியில் ஔகார உயிர்மெய்க்குத் தனிக் குறியில்லை. ஒற்றைக் கொம்பும் எழுத்தும் ளகரமுமாக மூன்றையும் தட்டியே 'கௌ' என்னும் வடிவத்தைப் பெறுவர். ஒருங்குறியிலோ ஔகாரக் குறி ஒன்று, ளகரம் வேறொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பழைய பழக்கத்தால் ஒருவர் 'கெளரி' என்றும், முறையறிந்த மற்றொருவர் 'கௌரி' என்றும் எழுதுவர்.

இதனால் விளையுந் தீங்கு சிறிதன்று. ஒரு கடையில் ஔகாரம் உள்ள பெயரையுடைய முதிய வாடிக்கையாளர் ஒருவருக்குக் கணினியில் இரு கணக்குகள் தோன்றிவிட்டன. கடன் ஒன்றிற் பதிந்தது. அவர் செலுத்திய பணம் மற்றொன்றிற் பதிந்தது. பணம் வரவில்லை என்று கடைப் பையன் பலர் முன்னிலையிற் கேட்டுவிட்டான். இருபது ஆண்டு கொண்ட உறவு முறிந்துபோகும் நிலையில், முதலாளி எமக்குத் திரையைக் காட்டினார். எழுத்தெழுத்தாக அழித்துப் பார்த்தபோது ஒரு பெயரில் ளகரம் தனியே நின்றது. முதலாளி தாமே அப்பெரியவரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்.

இதன் மறுதலையான பிழையும் உண்டு. மாற்றி மென்பொருள் சில, கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரம் என்று கொண்டுவிடும். அப்பொழுது 'வெள்ளவத்தை' என்பது 'வௌ்ளவத்தை' ஆகின்றது; 'வெளியீடு', 'தெளிவு' என்பனவும் அவ்வாறே கெடுகின்றன. பார்வைக்கு வேற்றுமை தெரியாதபடியால் எவரும் திருத்துவதில்லை. வெள்ளவத்தை என்று தேடுவோர்க்கு அம்முகவரி அகப்படுவதுமில்லை.

இவ்விடத்தில் இலக்கணம் கைகொடுக்கும். உயிர்மெய்யெழுத்தின்மேற் புள்ளி ஏறாது. ஓர் உயிர்க்குறியின்மேல் மற்றோர் உயிர்க்குறியும் ஏறாது. ஆகவே, ஔகாரக் குறியை அடுத்துப் புள்ளியோ இகர உகரக் குறிகளோ வருமாயின் அது தவறென்பது திண்ணம். அவற்றைத் தேடித் திருத்தும்படி கணினியையே ஏவலாம். கௌ, சௌ, பௌ, மௌ என்று தொடங்கும் பெயர்களையோ கண்ணாற் பார்த்தே திருத்தல் வேண்டும். பெயரோடு தொலைபேசி எண்ணையும் வாடிக்கையாளரின் அடையாளமாகக் கொள்வது மேலும் நன்று.

4. படியெடுத்து வைத்தல்

எல்லாவற்றிலும் தலையாயது இதுவே. வெள்ளவத்தையிலே அச்சகமொன்று, காலமான ஒருவரின் 31ஆம் நாள் நினைவு மலரை ஆக்கிக்கொண்டிருந்தது. நாளோ நெருங்கியிருந்தது. கணினியின் வன்தட்டு ஒரு காலையிற் செயலற்றுப் போயிற்று. படங்களின் மூலங்கள் குடும்பத்தாரிடம் இருந்தமையால் அவை மீண்டன. மகள் அருகிலிருந்து சொல்லச் சொல்லத் தட்டெழுதிய வாழ்க்கை வரலாறு வேறெங்கும் இல்லை. அவர் மீண்டும் வந்திருந்து சொன்னார். முன்பு சொன்னவாறு சொல்ல இயலவில்லை என்று அவர் கூறியதை அச்சகத்தார் இன்றும் வருத்தத்தோடு நினைக்கின்றனர்.

பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. 2023 ஆகஸ்டில், கோவைகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்கும் ரான்சம்வெயர் என்னும் தீநிரல் இலங்கை அரசாங்க மின்னஞ்சற் சேவையைத் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் புறம்பான காப்புப்படி இல்லாமையால் அக்காலத்துத் தரவுகள் மீளவில்லை. மென்பொருள் காலங்கடந்ததாக இருந்தமையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன என்பதைக் கடைக்காரர் கருத்திற் கொள்வாராக.

தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடி அச்சேற்றினார்கள். வெவ்வேறு ஊர்களிற் படிகள் இருந்தமையாலேயே பல நூல்கள் பிழைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படியில்லாதவை அன்றோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களைப் படியெடுத்து இணையத்தில் வைத்து வருவது அவ்விழப்புக் கற்பித்த பாடத்தாலே என்று கொள்ளலாம்.

கடைக்கு வேண்டிய விதி எளிது. படிகள் மூன்று, அவை இருவகைச் சாதனங்களில், ஒன்று கடைக்கு வெளியே. கணினியில் உள்ளது முதற்படி. புறத்தே இணைக்கும் வன்தட்டில் நாடோறும் எடுப்பது இரண்டாவது. எடுத்தவுடன் அதனைக் கழற்றி வைக்க வேண்டும், இணைத்தபடியே இருப்பின் தீநிரல் அதனையும் பூட்டும். மூன்றாவதை வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வைக்கலாம். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மாதம் ஒருமுறை அப்படியிலிருந்து ஒரு கோவையை எடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, படியென்று நம்பப்படுவதேயன்றிப் படியாகாது.

5. வஞ்சகர்

கணினிக்கு நேரும் குறை சில, மனிதரால் வருவன. பொருள் அனுப்புவோர் எழுதியது போல ஒரு மின்னஞ்சல் வரும். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண்ணுக்குப் பணம் அனுப்புக என்றிருக்கும். அம்மடலிலுள்ள இலக்கத்தை அழையாது, முன்னரே எம்மிடமுள்ள இலக்கத்தை அழைத்து வாயாற் கேட்டு உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புக. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை வங்கியென்று சொல்வோர்க்கும் சொல்லலாகாது. கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்தல், திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுதலாம். இத்தகைய தாக்குதல்களை முறையிடுவதற்கு, 2006இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணி உளது.

முடிவுரை

மேற்கூறியவற்றுட் பெரும்பாலானவற்றுக்குப் பொருட்செலவு சிறிது. வேண்டுவன ஒழுங்கும் பொறுமையுமே. கல்லூரியிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவர், ஆசிரியர் மேற்பார்வையில், பழைய மாணவரின் கடைகளுக்கு மாதம் ஒருநாள் சென்று காப்புப்படியைச் சோதித்துக் கொடுப்பாராயின் இருபாலார்க்கும் நன்மையாம். மாணவர்க்குத் தொழிலறிவும் கடைக்காரர்க்கு மனவமைதியும் கிட்டும். இதனை வாசிக்கும் பழைய மாணவர், இன்று கடை பூட்டுமுன் ஒரு காரியம் செய்வாராக. தம் கணினி நாளைக் காலை திறவாவிடின் எவை எவை போகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க. அத்தாளில் எழுதப்பட்ட ஒவ்வொன்றுக்கும் மற்றொரு படி எங்கேயுளது என்று எதிரே குறிக்க முடியுமாயின், இக்கட்டுரையின் பயன் முற்றுப்பெற்றதாம்.